எந்தக் கோவளம்? ஒரே பெயரில் பல ஊர்கள் அமைவது எப்படி

கன்னியாகுமரியில் ஆட்டோ ஓட்டும் மாமா ஒருவர் எனக்கு உண்டு. அவர் அடிக்கடி சொல்லிச் சிரிக்கும் கதை இது. ஒரு நாள் சாயங்காலம் ரயிலைவிட்டு இறங்கிய சென்னைப் பையன்கள் நாலு பேர், "அண்ணா, கோவளம் பீச் போகணும்" என்றார்களாம். மாமாவும் ஏற்றிக்கொண்டு போய்க் கோவளத்தில் இறக்கிவிட்டார். கரையில் வள்ளங்கள் கிடந்தன, வலை காய்ந்தது, மீன் வாடை அடித்தது. பையன்கள் கைபேசியில் இருந்த படத்தையும் கரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "சிவப்பும் வெள்ளையுமா பட்டை போட்ட லைட்ஹவுஸ் எங்கண்ணா?"

"அது திருவனந்தபுரத்துக் கோவளம்லா தம்பி. எம்பது கிலோமீட்டருக்கு மேல போணும். நீங்க எந்தக் கோவளம்னு சொல்லலியே."

இதில் வேடிக்கை, அந்தப் பையன்களின் சொந்த ஊர்ப் பக்கமே மூன்றாவதாக ஒரு கோவளம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டைத் தாண்டினால் வந்துவிடும். ஆங்கிலேயர் அதைக் 'கோவ்லாங்' என்று எழுதினார்கள். 1752இல் ராபர்ட் கிளைவ் அங்கிருந்த கோட்டையைப் பிடித்தார்.

மூன்று கடற்கரை, ஒரே பெயர். இதைச் சொன்னால் டீக்கடையில் உடனே இரண்டு விளக்கம் கிடைக்கும். "அங்கேருந்து வந்தவங்க இங்க வச்ச பேரு" என்பார் ஒருவர். "எல்லாம் ஒரே ராஜா ஆண்ட இடம்" என்பார் இன்னொருவர். பெயர் ஒத்துப்போனால் உறவு இருந்தே தீரும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்த நினைப்பு எவ்வளவு தூரம் சரி, எந்த இடத்தில் காலை வாரிவிடும் என்பதைக் குமரி மாவட்டத்து ஊர்களை வைத்தே பார்த்துவிடலாம். சின்ன மாவட்டம்தான். ஆனால் பெயர்க் குழப்பத்துக்கு இங்கே பஞ்சமில்லை.

வகுப்பில் மூன்று மேரி

நான் படித்த வகுப்பில் மூன்று மேரிகள் இருந்தார்கள். ஒருத்திக்குப் பாட்டியின் பெயர். இன்னொருத்தி மாதா திருநாளன்று பிறந்தவள். மூன்றாமவளுக்கு அவள் அத்தை வைத்தது. காரணம் கேட்டால் "நல்லா இருந்துது, வச்சோம்" என்பார்கள். மூன்று பேருக்கும் ஒரே பெயர், மூன்று வெவ்வேறு காரணம். அவர்களை அக்கா தங்கை என்று யாரும் நினைக்கவில்லை.

ஆளுக்குப் பெயர் வைப்பதில் நமக்குத் தெளிவாகத் தெரியும் இந்த விஷயம், ஊர் என்று வந்ததும் மறந்துவிடுகிறது. ஊருக்கும் பெயர் பல வழிகளில்தான் வருகிறது. நிலத்தைப் பார்த்து வைப்பார்கள், சாமியை நினைத்து வைப்பார்கள், ராஜா மாற்றிவைப்பார், வேறு இடத்திலிருந்து யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள். சில நேரம் இரண்டு பெயர்கள் காதுக்கு மட்டும் ஒன்றுபோல் கேட்கும். ஊர்ப்பெயர் எப்படி வந்தது, எப்படி மாறியது என்று தேடும் படிப்புக்கு இடப்பெயராய்வு என்று பெயர். பெயர் சாமான்ய விஷயம் போலத் தோன்றினாலும் கல்வெட்டு, பழம்பாட்டு, நிலத்தின் அமைப்பு எல்லாவற்றையும் புரட்ட வேண்டிய வேலை அது.

பாதிப் பெயர் எல்லோருக்கும் பொது

விளவங்கோடு, கொல்லங்கோடு, அண்டுகோடு, திருவிதாங்கோடு. குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் போனால் 'கோடு' என்று முடியும் ஊர்கள் வரிசை கட்டும். கடலோரம் இறங்கினால் 'துறை'. உள்ளே வந்தால் எங்கு பார்த்தாலும் 'விளை', அதாவது தென்னையும் மரச்சீனியும் (மரவள்ளி) நிற்கும் தோட்ட நிலம்.

இப்படிப் பல ஊர்களுக்கும் பொதுவாக வரும் பின்பாதியைப் பொதுக்கூறு என்பார்கள். முன்பாதி அந்த ஊரை மட்டும் தனியாகக் காட்டுவது, அது சிறப்புக்கூறு. 'தெரு' என்பது பொது, 'மேலத்தெரு'வில் வரும் 'மேல' சிறப்பு. ஒவ்வொரு ஊரிலும் ஒரு மேலத்தெரு இருப்பதைப் பார்த்து, எல்லா மேலத்தெருக்காரர்களும் ஒரே வம்சம் என்று யாராவது சொல்வார்களா?

பாலக்காட்டுப் பக்கமும் ஒரு கொல்லங்கோடு இருக்கிறது. பொள்ளாச்சி ரயில் பாதையில் நிலையம் உண்டு. வயலும் மலையும் சேர்ந்த காட்சிக்காக இப்போது பெயர் பெற்றுவிட்டது. நம்முடையது, நேர்ச்சைக்காரர்களை உயரே தூக்கிச் சுற்றும் 'தூக்கத்' திருவிழாவுக்குப் பெயர்போன பத்ரகாளி கோயில் இருக்கும் கடலோரக் கொல்லங்கோடு. ஒரு தடவை எனக்கு வர வேண்டிய பார்சல் பாலக்காட்டுக் கொல்லங்கோட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்பது நாள் கழித்துத்தான் வந்தது. அனுப்பியவர் பின்கோடு எழுதாமல் விட்டிருந்தார். ஊர்ப்பெயர் தனியாக ஒரு முகவரி ஆகாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

நிலம் சொல்லிக்கொடுக்கும் பெயர்

இப்போது கோவளத்துக்குத் திரும்புவோம். 'அளம்' என்றால் உப்பு விளையும் நிலம். உப்பளம் என்ற சொல்லில் இருப்பது அதுதான். குமரிக் கோவளத்தைச் சுற்றி உப்பளங்கள் உண்டு. சென்னைக் கோவளத்துக்கு அடுத்தாற்போலக் கேளம்பாக்கத்திலும் உப்பளங்கள் உண்டு. 'கோ' என்பதை அரசன் என்று எடுத்துக்கொண்டு 'அரசனுடைய உப்பளம்' என்று சிலர் பொருள் சொல்வதுண்டு. திருவனந்தபுரத்துக் கோவளத்தில் கேட்டால் தென்னந்தோப்பு என்பார்கள். எது சரியானாலும், ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்ல எந்தத் தேவையும் இல்லை. கடலோரம், கழி, மணல், உப்பு என்று ஒரே மாதிரி நிலத்தைப் பார்த்து ஒரே மாதிரி மொழி பேசுகிறவர்கள் தனித்தனியாகவே ஒரே பெயரை வைத்துவிட முடியும்.

இன்னும் அழகான உதாரணம் புத்தளம். நம் புத்தளம் மணக்குடிப் பக்கம் இருக்கிறது. உப்புக்குப் பெயர்போன ஊர். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் மேற்குக் கரையிலும் ஒரு புத்தளம். அதுவும் உப்புக்குப் பெயர்போன ஊர். புது ஆடை புத்தாடை ஆகிறது, புது ஆண்டு புத்தாண்டு ஆகிறது. அதே கணக்கில் புது அளம் புத்தளம் ஆகியிருக்கலாம். உப்புத் தொழில் செய்கிறவர்கள் புதிதாக ஒரு பாத்தி வெட்டினால் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள்? இரண்டு கரையிலும் வைத்தது ஒரே பெயர்.

மலைக்கு வந்தால் உதயகிரி. தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் இருக்கும் உதயகிரிக் கோட்டை நமக்குத் தெரியும். 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய், பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்து, 1777இல் இறந்து, அந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. சரி, ஒடிசாவில் இன்னொரு உதயகிரி இருக்கிறது. காரவேல மன்னனின் ஹாத்திகும்பா கல்வெட்டு அங்கேதான். மத்தியப் பிரதேசத்தில் விதிஷாவுக்குப் பக்கத்தில் ஓர் உதயகிரி. குப்தர் காலத்துக் குகைகளும் பெரிய வராகச் சிற்பமும் கொண்டது. ஆந்திராவில் நெல்லூர்ப் பக்கம் ஓர் உதயகிரிக் கோட்டை. கிருஷ்ணதேவராயர் 1514இல் கைப்பற்றியது. நாலும் மலை, நாலும் 'சூரியன் உதிக்கும் மலை'. நாலுக்கும் இடையே வேறு சொந்தம் எதுவும் கிடையாது.

முட்டமும் அப்படித்தான். குமரிக் கடலோரத்தில் ஒன்று, கோவையில் பேரூர்ப் பக்கம் ஒன்று, ஆலுவாவில் மெட்ரோ ரயில் நிற்கும் ஒன்று. நீளமாகப் பேச வேண்டியதில்லை.

இதுவரை வந்ததைச் சுருக்கமாகப் பார்த்தால்: ஊர்ப்பெயரின் பின்பாதி பெரும்பாலும் பொதுச் சொத்து. முன்பாதியும் நிலத்தைப் பார்த்து வைத்ததாக இருந்தால், ஒருவருக்கொருவர் தெரியாமலே இரண்டு ஊர் ஒரே பெயரைப் பெற்றுவிடும். இதைத் தற்செயல் என்றும் முழுதாகச் சொல்ல முடியாது. நிலம் ஒன்று, மொழி ஒன்று, அதனால் பெயர் ஒன்று.

கோட்டாறும் கொட்டாரமும், இரண்டு தடவை

எனக்கு மிகவும் பிடித்த ஒப்புமை இது. நாகர்கோவில்காரர்களுக்குக் கோட்டாறு என்றால் கம்போளம் (சந்தை), சவேரியார் கோயில், பழையாறு. பழைய ஊர். கிரேக்கரான தாலமி குறித்துவைத்த 'கொட்டியாரா' இதுதான் என்று பலர் கருதுகிறார்கள். சோழர் காலத்தில் இதற்கு மும்முடிச்சோழநல்லூர் என்று பெயர் வைத்தார்கள். சோழர் போனார்கள், அந்த நீளப் பெயரும் போயிற்று; கோட்டாறு அப்படியே நின்றது. கன்னியாகுமரி போகும் வழியில் கொட்டாரம் என்று வேறோர் ஊர் இருக்கிறது. மலையாளத்தில் கொட்டாரம் என்றால் அரண்மனை. இந்த இரண்டு ஊரையும் இங்கே யாரும் குழப்பிக்கொள்வதில்லை.

காரைக்கால் பக்கம் போனால் சம்பந்தர் பாடிய திருக்கோட்டாறு என்ற சிவத்தலம் இருக்கிறது. அந்த ஊருக்கு இன்றைய பெயர் என்ன தெரியுமா? திருக்கொட்டாரம்! இங்கே இரண்டு ஊருக்கு இருக்கும் இரண்டு பெயர்களும், அங்கே ஒரே ஊருக்குப் பழைய பெயராகவும் புதுப் பெயராகவும் இருக்கின்றன. தேவாரத் தலப் பட்டியலில் 'கோட்டாறு' என்று பார்த்துவிட்டு, "நம்ம நாகர்கோவிலையும் சம்பந்தர் பாடியிருக்காரு" என்று பெருமைப்பட்ட ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்த பிறகு திருத்த மனம் வரவில்லை.

காரைக்கால் கோட்டாற்றுக்குத் தலபுராணம் ஒன்று உண்டு. இந்திரனின் யானை ஐராவதம் தன் கொம்பால் மேகத்தைக் குத்திக் கிழிக்க, மழை ஆறாக ஓடியதாம். 'கோடு' என்றால் யானைக் கொம்பு, அதனால் கோட்டாறு. கதை அழகாக இருக்கிறது. ஆனால் தமிழில் 'கோடு' என்ற சொல் கொம்பை மட்டுமா குறிக்கிறது? மலை உச்சி, மரக்கிளை, குளக்கரை, வளைவு, எல்லாமே கோடுதான். நாகர்கோவில் கோட்டாற்றில் நின்று பழையாற்றைப் பார்க்கிறவனுக்கு யானை ஞாபகம் வராது, கரையும் வளைவும்தான் ஞாபகம் வரும்.

பெயர் முதலில் இருக்கும். அதற்குக் கதை பிறகு வரும். பெயரின் பொருள் மறந்துபோன பிறகு, காதில் விழும் ஒலியை வைத்து மக்கள் புதிதாக ஒரு காரணத்தைக் கட்டிவிடுவதை நாட்டார் சொற்பிறப்பு என்கிறார்கள். இதைப் பொய் என்று ஒதுக்க வேண்டியதில்லை. அந்த ஊர் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்கிறது என்று அது சொல்கிறது. ஊருக்கு எப்படிப் பெயர் வந்தது என்பதற்குச் சாட்சியாக மட்டும் அதைக் கூண்டில் ஏற்றக் கூடாது.

புத்தன் அணையில் புத்தர் இல்லை

நாட்டார் சொற்பிறப்பு இன்றைக்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. புத்தன்துறை, புத்தன்சந்தை, புத்தனாறு, புத்தன் அணை. இந்தப் பெயர்களை வரிசையாக எழுதிவைத்து, "பாருங்கள், குமரி முழுக்கப் பௌத்தம்" என்று முடிவுகட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்துப் பேச்சில் 'புத்தன்' என்றால் புதிய என்று பொருள். புது வருசத்தைப் புத்தாண்டு என்கிறோமே, மலையாளத்தில் 'புத்தன்' என்றாலே புதியது, அதே சொல். புதிதாக வெட்டிய கால்வாய் புத்தனாறு. புதிதாகக் கூடிய சந்தை புத்தன்சந்தை. அணை கட்டும்போது அது புது அணை. இப்போது பழசாகிவிட்டது, பெயர் மட்டும் புதிதாகவே இருக்கிறது.

பழைய சமயங்களின் தடம் குமரியில் இல்லை என்று இதற்குப் பொருளல்ல. நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களில் மகாவீரரும் பார்சுவநாதரும் இருக்கிறார்கள். சிதறால் மலையில் சமணச் சிற்பங்களும், ஒன்பதாம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டும் உண்டு. அவை கல்லில் இருக்கும் சாட்சி. அவை இருக்கும்போது அணைக்கட்டின் பெயரைச் சாட்சிக்கு இழுப்பானேன்?

குதிரை ஏறிப் போன பெயர்

பெயர் உண்மையாகவே ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் குடிபோவதும் உண்டு. அப்படிப் போனால் தடயம் இருக்கும்: யார் கொண்டுபோனார், எப்போது, எதற்காக.

தக்கலைக்குப் பக்கத்தில் திருவிதாங்கோடு என்று அமைதியான ஓர் ஊர். ஒரு காலத்தில் ராஜ்ஜியத்தின் தலைநகரம். பிறகு தலைநகரம் கல்குளத்துக்குப் போயிற்று. மார்த்தாண்ட வர்மா காலத்தில் அந்தக் கல்குளம் பத்மநாபபுரம் ஆயிற்று. அதன்பின் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. தலைநகரம் இரண்டு தடவை இடம் மாறியும், முதல் ஊரின் பெயரே நாட்டின் பெயராக ஒட்டிக்கொண்டது. திருவிதாங்கோடு திருவிதாங்கூர் ஆகி, ஐரோப்பியர் வாயில் 'டிராவன்கூர்' ஆயிற்று.

இனி மெல்போர்னுக்குப் போகலாம். ஆஸ்திரேலியாவின் அந்தப் பெருநகரத்தில் 'டிராவன்கூர்' என்று ஒரு குடியிருப்புப் பகுதி இருக்கிறது. ஹென்றி மேடன் என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் குதிரை ஏற்றுமதி செய்தவர். அக்காலத்தில் இங்கிருந்த ஆங்கிலப் படைக்கு ஏராளமாகக் குதிரை வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அங்கே ஒரு மாளிகையை வாங்கி, அதற்கு டிராவன்கூர் என்று பெயர் வைத்தார். மாளிகையின் நிலம் பின்னாளில் மனைகளாகப் பிரிந்தபோது பகுதிக்கே அந்தப் பெயர் ஆகிவிட்டது. தெருக்களின் பெயர்களைக் கேளுங்கள்: லக்னோ, பரோடா, மங்களூர், வங்காளம். தக்கலைப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர், முதலில் ராஜ்ஜியமாகி, பிறகு குதிரை வியாபாரியின் வீட்டு வாசலில் ஏறி, கடைசியில் மெல்போர்ன்காரர்களின் முகவரியில் போய் உட்கார்ந்திருக்கிறது.

மெல்போர்ன் டிராவன்கூரில் இந்த உறவை நிரூபிக்க முடிகிறது, ஏனென்றால் வியாபாரியின் பெயர் தெரியும், மாளிகை தெரியும், பக்கத்துத் தெருப் பெயர்களும் ஒரே கூட்டம். கோவளங்களுக்கு நடுவே அப்படி ஒரு கயிறு இல்லை.

பெயர் ஓரிடம், அலுவலகம் ஓரிடம்

பெயர் தூரம் போகாமல் இருந்த இடத்திலேயே ஊதிப் பெருப்பதும் உண்டு. வெளியூர்க்காரர்கள் மிகவும் தடுமாறும் இடம் இது. கன்னியாகுமரி என்பது ஊர். அதுவே மாவட்டத்தின் பெயர். சட்டமன்றத் தொகுதிக்கும் அதே பெயர். மக்களவைத் தொகுதி வெகுகாலம் நாகர்கோவில் என்றே இருந்தது. 2009 தேர்தலிலிருந்து அதுவும் கன்னியாகுமரி. ஆனால் மாவட்டத் தலைநகரம் நாகர்கோவில். கலெக்டரைப் பார்க்கக் கன்னியாகுமரிக்கு டிக்கெட் எடுத்தால் கடலைத்தான் பார்க்கலாம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து, கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு சேர்ந்தவை நான்கு தாலுகாக்கள். அகஸ்தீஸ்வரம் தாலுகாவுக்குத் தலைமையிடம் நாகர்கோவில். தோவாளைக்குப் பூதப்பாண்டி. கல்குளத்துக்குத் தக்கலை. விளவங்கோட்டுக்குக் குழித்துறை. நான்கில் ஒன்றுகூடத் தன் பெயருள்ள ஊரில் அலுவலகம் வைத்திருக்கவில்லை. மாவட்டத்தையும் சேர்த்தால் ஐந்துக்கு ஐந்து! கல்குளம் என்ற பழைய தலைநகரப் பெயர் இன்னும் அரசுக் காகிதத்தில் உயிரோடு இருப்பது இந்தத் தாலுகாவால்தான்.

1956இல் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 'திருவிதாங்கூர்' என்ற பெயரைத் தாங்கிய தேவசம் போர்டு, அதாவது கோயில்களை நிர்வகிக்கும் வாரியம், கேரளத்தில் இருக்கிறது. 2017இல் ஸ்டேட் பாங்கோடு இணையும்வரை அந்தப் பெயரில் ஒரு வங்கியும் இருந்தது. பெயரைக் கொடுத்த திருவிதாங்கோடு மட்டும் எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில்.

சுருக்கமாக: பெயர் குடிபெயர்ந்தால் கொண்டுபோன ஆளும் காலமும் தெரிய வேண்டும். பெயர் விரிந்தால், அது சின்ன ஊரைக் குறிக்கிறதா, பெரிய பரப்பைக் குறிக்கிறதா என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டும். 'கன்னியாகுமரியில் மழை' என்ற செய்தி, கடற்கரையில் நிற்பவனுக்கும் மலைப்பக்கத்துப் பேச்சிப்பாறையில் இருப்பவனுக்கும் ஒரே செய்தி ஆகாது.

காதை ஏமாற்றும் பெயர்கள்

இங்கே பழைய ஆட்கள் இன்னும் கன்னியாகுமரியைக் 'கேப்பு' என்பார்கள். "கேப்புக்குப் போயிட்டு வாறோம்" என்றால் 'கேப் காமரின்' என்ற ஆங்கிலப் பெயரின் முன்பாதியைத் தமிழாக்கிச் சொல்கிறார்கள் என்று பொருள். காமரின் என்பது போர்ச்சுகீசியர் வழியாக வந்த குமரிதான். கிறித்து பிறந்த முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிபிளசே, 'கொமரி' என்ற முனையையும், அங்கே ஆணும் பெண்ணும் வந்து நீராடி நோன்பு இருப்பதையும், ஒரு பெண் தெய்வம் அங்கே நீராடியதாகச் சொல்வதையும் குறித்திருக்கிறது.

இதே ஒலியில் வேறு பெயர்களும் உண்டு. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இருக்கும் கொமொரோஸ் தீவுகள்: அரபியில் 'கமர்' என்றால் நிலா, அதிலிருந்து வந்த பெயர். குமரியோடு தொடர்பில்லை. பத்தாம் நூற்றாண்டு அரபு எழுத்தாளர் அபூ சைத், 'கிமார்' நாட்டு இளம் அரசன் ஒருவனின் கதையைச் சொல்கிறார். சாபஜ் (சுமத்ரா, ஜாவாப் பக்கத்து நாடு) மகாராஜாவின் தலையைத் தட்டில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டு, கடைசியில் தன் தலையை இழந்தவன் அவன். தொடக்க கால ஐரோப்பிய அறிஞர்கள் சிலர் இந்தக் கிமாரைக் குமரி முனை என்றே எண்ணினார்கள். அது கெமர் நாடு, இன்றைய கம்போடியா. எழுத்து ஒத்தது, கடல் வேறு.

ஒரு கப்பல் கதை. பி அண்ட் ஓ கம்பெனி 1925 வாக்கில் மூன்று உடன்பிறப்புக் கப்பல்களை ஓடவிட்டது: கத்தே, காமரின், சித்ரால். காமரின் நம்முடையது. இரண்டாம் உலகப் போரில் 1941இல் அட்லாண்டிக்கில் தீப்பிடித்து அழிந்தது. சித்ரால் என்று படித்ததும், நம் சிதறால் மலையை ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவன் ஒரு நிமிடம் துள்ளுவான். துள்ள வேண்டாம். அது இந்துகுஷ் மலைப் பக்கம், இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் சித்ரால்.

குமரியும் கண்டமும்

ஒரே பெயரால் வந்த குழப்பங்களில் மிகப் பெரியது இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

'குமரி' என்பது பழம்பாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருளைக் குறிக்கிறது. தொல்காப்பியப் பாயிரத்தில் தமிழ் வழங்கும் நிலத்தின் தென் எல்லை. மணிமேகலையில், வாரணாசியிலிருந்து நீராட வரும் பெண்ணுக்குப் புனிதத் துறை. சிலப்பதிகாரத்தில் பஃறுளி ஆற்றோடு சேர்ந்து கடல் கொண்ட 'குமரிக்கோடு'. அங்கே கோடு என்பது மலை. கந்தபுராணத்தில் பரத கண்டத்தின் ஒன்பது பிரிவுகளில் ஒன்றுக்குக் குமரிக்கண்டம் என்று பெயர். இவை நாலும் ஒரே பொருளா? படித்தவர்கள் நடுவிலேயே விவாதம் தீரவில்லை.

இதற்குத் துளியும் சம்பந்தமில்லாமல், 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியல் அறிஞருக்கு ஒரு சிக்கல். லெமூர் என்ற குரங்குச் சாயல் விலங்கினங்கள் மடகாஸ்கரில் இருக்கின்றன. அவற்றைப் போன்றவை இந்தியாவிலும் தென்படுகின்றன. நடுவில் கடல். எனவே ஒரு காலத்தில் நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்து அதற்கு 'லெமூரியா' என்று பெயர் வைத்தார். லெமூருக்காக வைத்த பெயர். தமிழருக்காக வைத்ததல்ல. பின்னர் வந்த தமிழ் எழுத்தாளர்கள் சிலர், கடல்கோள் பற்றிய பழம்பாட்டையும் இந்த ஊகத்தையும் ஒன்றாகச் சேர்த்து, லெமூரியாவும் குமரிக்கண்டமும் ஒன்றே என்றார்கள். பெயர்கள் ஒட்டப்பட்டன.

அறிவியல் பக்கத்திலோ, 1912இல் ஆல்பிரட் வேகனர் கண்டங்கள் நகர்கின்றன என்றார். அது பிற்பாடு உறுதிப்பட்டது. சுமார் 8 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டியிருந்து பிரிந்தன. நிலம் பிரிந்து நகர்ந்தது என்றால், நடுவில் மூழ்கிய கண்டம் தேவையில்லை. லெமூரியா ஓய்வுபெற்றது. அந்த நிலம் பிரிந்த காலத்தில் மனிதன் இல்லை, மொழியும் இல்லை.

கடல் கரையை விழுங்கியதே இல்லையா? விழுங்கியிருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பிறகு உயர்ந்தபோது கரையோர நிலம் பறிபோனது. சின்ன அளவில் நடந்த கடல்கோள் நினைவுகள் பாட்டில் தங்கியிருக்கலாம். அது வேறு செய்தி, ஒரு கண்டம் மூழ்கியது என்பது வேறு செய்தி. 'குமரி' என்ற ஒரு சொல்லே இரண்டையும் கட்டும் கயிறாக இருந்தால், அந்தக் கயிறு எவ்வளவு பாரம் தாங்கும்?

ஒப்புமையைப் பார்த்தால் என்ன செய்வது

ஒரே பெயரில் இரண்டு இடம் கண்ணில் பட்டால், முதலில் இன்றைய எழுத்தை விட்டுவிட்டுப் பழைய வடிவத்தைத் தேடுங்கள். கல்வெட்டு, பாட்டு, பயணக் குறிப்பு என்று எதில் முதலில் வருகிறது? இன்று ஒன்றுபோல் இருப்பவை பழைய வடிவத்தில் வேறாக இருந்திருக்கும். பிறகு பொதுக்கூற்றைக் கழித்துவிடுங்கள். மிச்சம் இருப்பது எவ்வளவு தனித்தன்மை உள்ளது என்று பாருங்கள். நேரில் போய் நிலத்தைப் பாருங்கள். பெயருக்குக் காரணம் காலடியிலேயே கிடக்கலாம். கடைசியாக, பெயரைக் கொண்டுபோன ஆள் உண்டா என்று கேளுங்கள்.

இந்த வழியில் ஒரு பெயரை எடுத்துப் பார்ப்போம். திருவட்டாறு, ஆதிகேசவப் பெருமாள் கோயில் ஊர். கோதையாறும் பரளியாறும் கோயிலை வட்டமாகச் சுற்றுவதால் வட்டாறு என்று சொல்வார்கள். ஆனால் நம்மாழ்வார் பாட்டில் இது 'வாட்டாறு'. பழைய வடிவத்தில் நெடில்! அப்படியானால் வட்டக் கதை பின்னால் வந்ததோ என்று சந்தேகம் எழுகிறது. புறநானூற்றின் 396ஆம் பாட்டில், மாங்குடி கிழார் 'வாட்டாற்று எழினியாதன்' என்ற வள்ளலைப் பாடுகிறார். பழைய எழுத்து அப்படியே பொருந்துகிறது. பொதுக்கூறான 'ஆறு' போக மிஞ்சும் 'வாட்டு' எல்லா ஊரிலும் வரும் சொல்லும் இல்லை. இதுவரை நமக்குச் சாதகம். அடுத்து நிலம். பாட்டில் அந்த ஊர் எப்படி இருக்கிறது? நீருக்குக் கீழே மீன் திரியும், நீருக்கு மேலே கண்ணைப் போன்ற பூ பூத்திருக்கும் என்கிறார் புலவர்.

கீழே மீன், மேலே பூ. இந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு கிளம்பினால், சாயங்காலத்துக்குள் நாஞ்சில் நாட்டில் மட்டுமே நூறு குளத்தைக் காட்டிவிடுவார் என் ஆட்டோ மாமா.